காத்து எவ்ளோ இருக்கு மாப்ள?

ராஜாவா ரஹ்மானான்னு ஆரம்பிச்சா நம்ம மக்கள் விடிய விடிய பேசுவாங்கல்ல, அதே மாதிரி ஸ்கூபா டைவிங் பண்றவங்ககிட்டயும் தீராத சண்டை ஒண்ணு உண்டு. சிலிண்டர்ல காத்து எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்க, குழாய் வச்ச மீட்டர் நல்லதா? இல்ல, மணிக்கட்டுல கட்டின கம்ப்யூட்டருக்கு வயரே இல்லாம வந்து சேர்ற நம்பர் நல்லதா? படகுல அஞ்சு பேர் இருந்தா ஆறு கருத்து இருக்கும். எங்க வீட்டுல நான், தங்கமணி, தங்கமணியோட தம்பின்னு மொத்தமே மூணு பேருதான் தண்ணிக்குள்ள இறங்குறோம். மூணு பேரும் மூணு கட்சி.

நாம சிங்கப்பூர்ல குப்பை கொட்டுற ஆளு. இங்கேர்ந்து வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறினா ஜொகூர் தாண்டி மெர்சிங். அங்க விடியக்காலையில ஒரு ரொட்டி சனாய், ஒரு தே தாரிக். அப்புறம் ஃபெர்ரி பிடிச்சா ரெண்டு மணி நேரத்துல தியோமான் தீவு. மார்ச்சுலேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் சீசன். நவம்பர்ல பருவமழை வந்துட்டா கடல் ஆடுற ஆட்டத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. சனி ஞாயிறுல நாலு டைவ் அடிச்சுட்டு, திங்கட்கிழமை காலையில ஆபீஸ் மீட்டிங்ல காதுக்குள்ள தண்ணியோட உட்கார்ந்திருக்கிற கோஷ்டி நாங்க.

டைவிங் பக்கமே போகாதவங்களுக்காக ஒரு சின்ன பாடம். தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க. முதுகுல இருக்கிறது ஆக்சிஜன் இல்ல, சாதாக் காத்துதான். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துல திணிச்சு வச்சிருப்பாங்க. சிலிண்டர் வாய்ல மாட்டுற ரெகுலேட்டர் தலையிலேர்ந்து வாய்க்கு ஒரு குழாய், நண்பனுக்கு அவசரத்துக்குக் குடுக்க ஒண்ணு, மிதக்கிற ஜாக்கெட்டுக்கு ஒண்ணு. நாலாவது ஒல்லிக் குழாய் இருக்கு பாருங்க, அதுதான் நம்ம கதாநாயகன். அதோட நுனியில ஒரு வட்ட மீட்டர் தொங்கும். எஸ்.பி.ஜி.ன்னு சொல்லுவாங்க. உள்ள இருக்கிறது வளைஞ்ச ஒரு பித்தளைக் குழல். அழுத்தம் ஏறினா நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். 1849-ல் பிரான்ஸ்ல பூர்தோன்னு ஒரு எஞ்சினியர் காப்புரிமை வாங்கின சமாச்சாரம். காத்தடிக்கிற கடையில, பாய்லர்ல எல்லாம் நாம பார்க்கிற அதே ஐட்டம். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது.

இத்தனைக்கும் 1943-ல் கூஸ்டோவும் கான்யானும் அக்வாலங் செஞ்சப்ப இந்த மீட்டர் அதோட வரலை. அப்புறமும் ரொம்ப வருஷம் ஜே-வால்வுதான் ஓடிச்சு. காத்து குறைஞ்சதும் மூச்சு இழுக்கக் கஷ்டமா இருக்கும். முதுகுப் பக்கம் இருக்கிற கம்பியைக் கீழ இழுத்தா கடைசி இருபது, முப்பது பார் திறந்துக்கும், மேல வந்துடணும். நம்ம ஊர் பைக்ல பெட்ரோல் ரிசர்வ் திருப்புற மாதிரியேதான். ஆனா அந்தக் கம்பி இறங்கும்போதே எதுலயாவது இடிச்சு இறங்கியிருந்தா, இழுக்கிற நேரத்துல ரிசர்வே இருக்காது. பெட்ரோல் தீர்ந்தா வண்டியைத் தள்ளிக்கிட்டாவது போகலாம். இங்க?

இப்ப வயர்லெஸ் கட்சிக்கு வருவோம். குழாய் இருந்த ஓட்டையில கட்டைவிரல் தண்டிக்கு ஒரு ட்ரான்ஸ்மிட்டர் திருகிடுவாங்க. உள்ள ஒரு சின்ன லித்தியம் பேட்டரி, ஒரு அழுத்த சென்சார். சில நொடிக்கு ஒரு தடவை சிலிண்டர் அழுத்தத்தை மணிக்கட்டு கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. உப்புத் தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், அதனால ரேடியோ அலையை அப்படியே முழுங்கிடும். புளூடூத் பயன்படுத்துற 2.4 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் கடலுக்குள்ள சாண் தூரம் கூடப் போகாது. அலைவரிசை இறங்க இறங்கத்தான் தண்ணிக்குள்ள கொஞ்சம் ஊடுருவும். அதனால நிறைய ட்ரான்ஸ்மிட்டர்கள் 38 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல பேசும். அதுவும் ஒரு மீட்டர், மிஞ்சிப் போனா ஒன்றரை மீட்டர்தான்.

இதைப் படிச்சப்ப எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்துல ஐ.என்.எஸ். கட்டபொம்மன்னு கடற்படை நிலையம் இருக்குல்ல, அங்க நிக்கிற அந்த ராட்சசக் கம்பங்கள் எதுக்குன்னு சின்ன வயசுல யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு கதை சொல்லுவாங்க. 1990-ல் தொடங்கின அந்த நிலையத்தோட வேலையே, கடலுக்கடியில இருக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்கு 18.2 கிலோஹெர்ட்ஸ்ல சேதி அனுப்புறதுதான். கம்பம் 471 மீட்டர். ஈஃபில் டவரை விட உசரம். அவ்வளவு பெரிய கம்பம் வச்சு அனுப்பினாலும் கப்பல் தண்ணி மட்டத்துக்குக் கிட்ட வந்துதான் கேட்டாகணும். மச்சினன்கிட்ட இதைச் சொல்லி, "அரசாங்கத்துக்கே அவ்வளவு பாடு, உன் கட்டைவிரல் டப்பா எம்மாத்திரம்?"ன்னேன். "அத்தான், எனக்கு முதுகுலேர்ந்து கைக்கு வந்தாப் போதும், நான் என்ன நீர்மூழ்கிக் கப்பலா?"ன்னான். அதுவும் நியாயம்தான்.

மச்சினன் ஐ.டி. பையன். புதுசா எது வந்தாலும் அவன் கையில இருக்கும். 2023-ல் ட்ரான்ஸ்மிட்டர் வாங்கின கையோட, பழைய குழாய் மீட்டரைக் கழட்டிப் பெட்டியில போட்டுட்டான். "ஒரு குழாய் குறைஞ்சா எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க அத்தான்"ன்னு காட்டினான். நிஜமாவே நீட்டாத்தான் இருந்தது. அதுல இருக்கிற வசதியைக் குறை சொல்லக் கூடாது. இடுப்புப் பக்கம் தொங்குற மீட்டரைத் தேடிப் பிடிச்சுத் திருப்பிப் பார்க்க வேணாம். ஆழம், நேரம், காத்து எல்லாம் ஒரே திரையில. "இதே வேகத்துல மூச்சு விட்டா இன்னும் 19 நிமிஷம் தாங்கும்"னு கணக்கும் போட்டுக் குடுக்கும். பவளத்துல இடிச்சு உடைக்கிற அளவுக்கு எதுவும் தொங்காது. கரைக்கு வந்தப்புறம் எந்த நிமிஷத்துல பதட்டமா மூச்சு விட்டோம்னு வரைபடமே போட்டுக் காட்டும். எனக்கும் கொஞ்சம் நாக்கு ஊறினது உண்மை.

அந்த ஜூன் மாசம் செபே தீவுக்குப் போனோம். தியோமானுக்கு வடமேற்குல தண்ணிக்கு மேல தலை நீட்டிக்கிட்டு இருக்கிற பாறைக்கூட்டம். கீழ பெரிய பெரிய உருண்டைப் பாறைகள், நடுநடுவுல நீந்திப் போற மாதிரி சந்து. ஜோடி போட்டுத்தான் இறங்கணும்ங்கிறது விதி, அவன் என் ஜோடி. ரெண்டு பேரும் 200 பார்ல இறங்கினோம். 22 மீட்டர்ல ஒரு ஆமை பாறை இடுக்குல படுத்துத் தூங்கிட்டு இருந்தது. அதைப் பார்த்துட்டுத் திரும்பினா, இவன் மணிக்கட்டை என் முகமூடிக்கு முன்னாடி நீட்டுறான். காத்து இருக்க வேண்டிய இடத்துல நம்பர் இல்ல. கோடு கோடா இருக்கு.

கையை ட்ரான்ஸ்மிட்டர் பக்கம் கொண்டு போனான். தலைக்குப் பின்னாடி வச்சான். கோடுதான். விரலால 130ன்னு காட்டினான், கடைசியா பார்த்த நம்பர். எப்போன்னு கேட்டேன். ரெண்டு, மூணுன்னு விரல் ஆட்டினான். நான் கட்டைவிரலை மேல தூக்கினேன். (நம்ம ஊர்ல கட்டைவிரல் தூக்கினா 'சூப்பர்'. தண்ணிக்குள்ள அதுக்கு அர்த்தம் 'டைவ் முடிஞ்சுது, மேல போறோம்'. புதுசா கத்துக்கறவங்க ஆமையைப் பார்த்து சந்தோஷத்துல கட்டைவிரல் தூக்கி, பயிற்சியாளர் பதறியடிச்சு மேல கூட்டிட்டுப் போன கதை நிறைய இருக்கு.) அவன் இல்ல இல்லன்னு தலையாட்டினான். என் மீட்டரைக் காட்டி, 'உன்கிட்ட 140 இருக்கே'ங்கிற மாதிரி சைகை. நான் மறுபடியும் கட்டைவிரல். ஒருத்தன் மேலன்னு சொல்லிட்டா இன்னொருத்தன் கேள்வி கேட்கக் கூடாது, அதுவும் விதி. முறைச்சுக்கிட்டே வந்தான்.

ஏறுற வழியில நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். இது கஷ்டமே இல்ல, பாருங்க. அவன் தரையில நிமிஷத்துக்கு 20 லிட்டர் காத்து இழுக்கிற ஆள். 22 மீட்டர்ல அழுத்தம் 3.2 மடங்கு, அப்போ 64 லிட்டர். அதை 11 லிட்டர் சிலிண்டரால வகுத்தா நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 6 பார். 130-ல் பார்த்து ரெண்டு மூணு நிமிஷம்னா இப்போ 115 பக்கம். மெதுவா 5 மீட்டருக்கு ஏற ரெண்டு நிமிஷம், அங்க மூணு நிமிஷம் நிறுத்தம். எல்லாம் சேர்த்து இன்னொரு 17, 18 போகும். நூறுக்குக் கொஞ்சம் கீழ இருக்கணும். படகுல ஏறினதும் டைவ் மாஸ்டர் வேற ஒரு ரெகுலேட்டரை அவன் சிலிண்டர்ல மாட்டிப் பார்த்தார். 90.

சண்டை அப்புறம்தான் ஆரம்பிச்சுது. "அத்தான், 90 பார் காத்து வீணாப் போச்சு. டைவ்ல பாதி போச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" ஆகலை. கணக்கும் சரியாத்தான் வந்தது. ஆனா அந்தக் கணக்கு எதை நம்பிப் போட்டது? 'அவன் வழக்கம்போல மூச்சு விடுறான், எங்கயும் கசியலை'ங்கிற ரெண்டு அனுமானத்தை நம்பி. கசிஞ்சிருந்தா? முதுகுக்குப் பின்னாடி குமிழி விடுறது அவனுக்குத் தெரியாது. என் மீட்டர் என் சிலிண்டரைத்தான் சொல்லும். ரெண்டு பேர் காத்தும் கிட்டத்தட்ட சமமா இறங்கும்ங்கிறது நல்ல நாள்ல உண்மை. "140 உங்ககிட்ட இருந்துதே, பத்தாதா?"ன்னான். எனக்கும் சேர்த்துத்தான் மாப்ள அது 140. உனக்கும்னு ஆயிட்டா அது 70. அதோட 22 மீட்டர்லேர்ந்து ரெண்டு பேரும் ஒரே சிலிண்டர்ல தொத்திக்கிட்டு வரணும்.

"அத்தானுக்குப் பயம்"னு படகுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே வந்தான். சொல்லிட்டுப் போகட்டும். அக்காக்காரிக்கு ஃபோன் பண்ணி நான் என்ன சொல்லணும்னு அவன் யோசிக்கலை, நான் யோசிச்சேன். அவ்வளவுதான்.

ராத்திரி கடைக்காரர் ட்ரான்ஸ்மிட்டரைப் பிரிச்சுப் பேட்டரி மாத்தி, மூடி ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் தடவிக் குடுத்தார். மறுநாள் ஜம்முன்னு வேலை செஞ்சது. பேட்டரிதான் காரணம்னு முடிவாச்சு. கம்பெனிப் பேரு வேணாம். இது ஒரு கம்பெனி சமாச்சாரமே இல்ல, பேட்டரி போட்ட எதுக்கும் இது உண்டு. இன்னும் சில காரணமும் இருக்கு. கேமராவோட ஃப்ளாஷ் அடிச்சு மறுபடி சார்ஜ் ஏறும்போது சிக்னல் போயிட்டுப் போயிட்டு வரும். தண்ணி ஸ்கூட்டர் மோட்டார் பக்கத்துல இருந்தாலும் அப்படித்தான். ட்ரான்ஸ்மிட்டர் வலது பக்கம், கம்ப்யூட்டர் இடது கையில, கையை நல்லா நீட்டிட்டோம்னா தூரமே எல்லைக்கு வந்துடும். ரெண்டு பேரோட ட்ரான்ஸ்மிட்டர் ஒரே நேரத்துல பேசினா ஒண்ணை ஒண்ணு மறைச்சுடும். அதுக்காகவே ஷியர்வாட்டர் கம்பெனி சாம்பல் நிறத்துல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணுன்னு வேற வேற இடைவெளியில பேசுற மாதிரி வித்துச்சு. அப்புறம் வந்த ஸ்விஃப்ட், அடுத்தவன் பேசுறானான்னு காது குடுத்துக் கேட்டுட்டுப் பேசும். (டீவி விவாதத்துல உட்கார்றவங்களுக்கு ஆளுக்கொண்ணு மாட்டி விடலாம்.) கார்மின் 2020-ல் ரேடியோவையே விட்டுட்டு ஒலி அலைக்குப் போயிட்டாங்க. தண்ணிக்குள்ள சத்தம் நல்லாப் போகும்ல, திமிங்கலத்துக்கு எப்பவோ தெரிஞ்ச விஷயம். அதுல 10 மீட்டர் தள்ளி இருக்கிற ஜோடியோட காத்தையும் பார்க்கலாம். அன்னைக்கு அது இருந்திருந்தாலும், அவன் பேட்டரி செத்துட்டா எனக்கும் கோடுதான் வந்திருக்கும்.

அப்போ குழாய்தான் உத்தமமா? அங்கதான் குழாய்க் கட்சிக்காரங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். குழாயும் கெட்டுப் போகும். மீட்டரும் குழாயும் சேர்ற இடத்துல, மீட்டர் சுத்துறதுக்காக ஒரு குட்டி உருளை இருக்கு, அதுல ரெண்டு குண்டுமணி சைஸ் ஓ-ரிங். அது தேய்ஞ்சா பொடிப்பொடியா குமிழி வரும். வாடகை செட்ல பாதி இப்படித்தான் இருக்கும். குழாய் வெடிச்சா என்ன ஆகும்ங்கிறதுல நிறைய பேருக்குத் தப்பான பயம் உண்டு. 200 பார் ஓடுற குழாய் அறுந்தா சிலிண்டர் உடனே காலியாயிடும்னு நினைப்பாங்க. நிஜம் தலைகீழ். அந்தக் குழாய் மாட்டுற இடத்துல ஊசிமுனை ஓட்டைதான் இருக்கும், காத்து சீறினாலும் மெதுவாத்தான் போகும். வாய்க்கு வர்ற குறைந்த அழுத்தக் குழாய் அறுந்தாத்தான் ஓரிரு நிமிஷத்துல காலி.

குழாய் மீட்டரோட மோசமான குணம் வேற. அது பொய் சொல்லும். கீழ போட்டதுலயோ, உப்பு ஏறினதுலயோ முள் எங்கயாவது சிக்கிக்கும். ரெகுலேட்டரைக் கழட்டி, காத்தே இல்லாதப்ப 20-ல் நிக்கிற முள்ளை நானே பார்த்திருக்கேன். அது தண்ணிக்குள்ள 50ன்னு காட்டினா உண்மையில எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? வயர்லெஸ் கெட்டுப் போனா கோடு போட்டுக் காட்டிடும், 'எனக்குத் தெரியாதுப்பா'ன்னு. (அதுவும் உடனே இல்ல, கடைசி நம்பரைக் கொஞ்ச நேரம் காட்டிட்டுத்தான்.) முள் அப்படி இல்ல, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரியே சொல்லிக்கிட்டு நிக்கும். அந்த வகையில வயர்லெஸ் யோக்கியன்னுதான் சொல்லணும்.

இவ்வளவு தூரம் வந்தப்புறம், நானே வயர்லெஸ் கட்சிக்கு மாறியிருக்க வேண்டியது. மாறலை. காரணம் 2024 ஏப்ரல்.

தங்கமணி அந்த வருஷம்தான் பயிற்சி முடிச்சு அட்டை வாங்கினாங்க. அதுக்கப்புறம் முதல் பயணம். வாடகை செட். படகு ஆட்டத்துல, அவங்க மகா பதட்டத்துல உட்கார்ந்திருக்காங்க. இறங்குறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு: வாய்ல ரெகுலேட்டரை வச்சு, மீட்டரைக் கண்ணுக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு, மூணு தடவை நல்லா இழுத்து மூச்சு விடணும். தங்கமணி இழுத்தாங்க. முள் 200-லேர்ந்து சர்ருன்னு 110-க்கு இறங்கிச்சு. மூச்சு விட்டாங்க, மெதுவா ஏறி 200-க்கு வந்தது. இன்னொரு தடவை. இறங்கி, ஏறி. "என்னங்க இது, சாமி வந்த மாதிரி ஆடுது?"ன்னாங்க.

சிலிண்டர் வால்வைத் தொட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய மூடியிருந்தது. படகுப் பையன் பாவம், அவசரத்துல திறக்கிறதுக்குப் பதிலா முழுசா மூடி, 'பழக்கப்படி' ஒரு கால் சுத்து பின்னாடி திருப்பியிருக்கான். இது உலகம் பூரா நடக்கிற தப்பு. முழுசாத் திறந்து, கால் சுத்து திருப்பி வைன்னு ஒரு காலத்துல சொல்லிக் குடுத்தாங்க. எந்தப் பக்கம் முழுசுங்கிறதுல குழம்பினா இப்படித்தான் முடியும். அதனாலதான் இப்போ பல இடத்துல 'முழுசாத் திற, விட்டுடு, திருப்பவே திருப்பாதே'ன்னு சொல்லிக் குடுக்கிறாங்க.

இதுல பயங்கரம் என்னன்னா, அந்தக் கால் சுத்துத் திறப்புல மேல நல்லாவே மூச்சு விடலாம். 5 மீட்டர்ல கூட ஒண்ணும் தெரியாது. 20 மீட்டர் போனா ஒவ்வொரு மூச்சுக்கும் மூணு மடங்கு காத்து வேணும், அந்தச் சின்ன இடுக்கு வழியா அவ்வளவு வராது. சிலிண்டர்ல காத்து இருக்கு, வாய்க்கு வராது. புதுசா கத்துக்கிட்டவங்க, முதல் பயணம், 20 மீட்டர். அதுக்கு மேல எழுத எனக்கு இஷ்டமில்ல.

முள் அதைக் காட்டிக் குடுத்தது, ஏன்னா வால்வுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அழுத்தத்தோட அது நேரடியா ஒட்டிக்கிட்டு இருக்கு. இழுத்தா இறங்கும், விட்டா ஏறும். ட்ரான்ஸ்மிட்டரும் அதே ஓட்டையிலதான் உட்கார்ந்திருக்கு. ஆனா அது சில நொடிக்கு ஒரு தடவைதான் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கிற நொடியில நீங்க மூச்சை வெளிய விட்டுக்கிட்டு இருந்தா 200. அடுத்ததுக்கும் 200. எல்லாம் பச்சை. அது சொல்றது பொய் இல்ல, அந்த நொடியில 200தான். நடுவுல முள் ஆடின ஆட்டம் மட்டும் அதுக்குத் தெரியாது. நல்ல நோட்டம் இருந்தா, நேரம் எடுத்துப் பத்து மூச்சு விட்டுப் பார்த்தா வயர்லெஸ்லயும் நம்பர் குதிக்கிறது தெரியும்னு மச்சினன் வாதாடினான். பண்ணிக் காட்டவும் செஞ்சான். ஆடுற படகுல, முதல் ஆளா குதிக்கச் சொல்லி டைவ் மாஸ்டர் கத்தும்போது யாரு பத்து மூச்சு எண்ணுவாங்க?

எது அதிகம் கெட்டுப் போகும்னு கேட்டா, வயர்லெஸ்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா அந்தக் கேள்வியே எனக்கு முக்கியமாப் படலை. எது எப்படிக் கெடும், கெட்டது நமக்கு எப்பத் தெரியும், தெரியுற நேரத்துல நாம எவ்வளவு ஆழத்துல இருப்போம்? மூணாவது கேள்விக்குப் 'படகுல'ன்னு பதில் வர்ற மாதிரி எது இருக்கோ அது என் கட்சி. வால்வு விஷயத்துல முள்ளுக்கு அந்தப் பதில் வருது. முள் சிக்குற விஷயத்துலயும், ரெகுலேட்டரை மாட்டுறதுக்கு முன்னாடி முள் பூஜ்யத்துல நிக்குதான்னு பார்த்துட்டா, படகுலயே தெரிஞ்சுடும். 22 மீட்டர்ல சாகிற பேட்டரிக்கு மட்டும் அந்தப் பதில் இல்ல.

இப்போ எங்க வீட்டு நிலவரம். பெரும்பாலான ரெகுலேட்டர் தலையில அதிக அழுத்தத்துக்கு ரெண்டு ஓட்டை இருக்கும். மச்சினன் ஒண்ணுல ட்ரான்ஸ்மிட்டர், இன்னொண்ணுல பெட்டியிலேர்ந்து எடுத்த பழைய குழாய் மாட்டியிருக்கான். எனக்காக இல்லையாம், பாதி டைவ் வீணாகக் கூடாதுங்கிறதுக்காகவாம். சரி, எதுக்காகவோ. திரையில கோடு வந்தா மீட்டரைப் பார்த்துட்டு மிச்ச டைவை முடிக்கலாம், அது உண்மை. குழாய் கூடினா கசியுற இடமும் ஒண்ணு கூடும்னு ஒரு எதிர்வாதம் உண்டு. அந்தக் கசிவு மெதுவானது, கண்ணுக்கும் தெரியும்ங்கிறதால நான் அதைப் பெருசா எடுத்துக்கறதில்ல. நான் வெறும் குழாய். ஒரு ட்ரான்ஸ்மிட்டர் காசுல நல்ல மீட்டரே நாலஞ்சு வாங்கலாம்ங்கிறதும் ஒரு காரணம், மறைக்க என்ன இருக்கு.

தங்கமணிக்குப் போன தீபாவளிக்கு மச்சினன் பரிசா ஒரு கம்ப்யூட்டரும் ட்ரான்ஸ்மிட்டரும் வாங்கித் தர்றேன்னான். வேணாம்னுட்டாங்க. காரணம் நான் நினைச்சது இல்ல. வெள்ளெழுத்து. தண்ணிக்குள்ள கண்ணாடி போட முடியாது, சின்ன நம்பர் தெரியலையாம். முள் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு சுவர்க் கடிகாரம் மாதிரி பார்த்தாலே போதுமாம். "நேரா மேல நின்னா ஊர் சுத்தலாம், சிவப்புக்கு வந்தா வீட்டுக்குப் போகலாம், இதுக்கு எதுக்குடா நம்பரு?"ன்னு தம்பியைக் கேட்டாங்க. பெரிய எழுத்துத் திரை இருக்குக்கான்னு அவன் இன்னும் படம் படமா அனுப்பிக்கிட்டு இருக்கான். மார்ச்சுல சீசன் திறந்ததும் லாபாஸ் பக்கம் போறதா இருக்கோம். அதுக்குள்ள யாரு யாரை மாத்துறாங்கன்னு பார்ப்போம்.

பி.கு: ட்ரான்ஸ்மிட்டர் வச்சிருக்கிற மக்களே, படகுல சிலிண்டரைத் தூக்குற பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. கைப்பிடி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறதால அதைப் பிடிச்சுத்தான் தூக்குறாங்க. ஒரு சாண் நீளக் குட்டிக் குழாய் வாங்கி, அதோட நுனியில ட்ரான்ஸ்மிட்டரை மாட்டிட்டா இந்தத் தொல்லை இல்ல. ஆமாம், அதுவும் ஒரு குழாய்தான். மச்சினன்கிட்ட சொல்லிடாதீங்க.